இடமிருந்து வலம்

மார்ச் 3, திங்கள்

உறுதியான தகவல்: சவரிமுத்து பென்னாகரத்தில் இருக்கிறார், இன்னும் ஃபிலிமில்தான் படம் எடுக்கிறார். சொன்னவர், சேலத்தில் கேமரா சாமான் விற்கும் கடைக்காரர். ஐந்து வாரத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளை ரோல் பஸ் பார்சலில் போகிறது. கடைசிப் பார்சல் பிப்ரவரி முதல் வாரத்தில் போயிருக்கிறது. சீட்டைக் காட்டினார். கையெழுத்து சவரிமுத்துவுடையதுதான்.

கடைக்குப் போனது ஒரு கட்டுரைக்காக. சென்னையிலிருந்து வரும் மாத இதழின் துணை ஆசிரியர் மதுமிதா கேட்டிருக்கிறாள். கைபேசியில் ஒரே நாளில் ஆயிரம் படம் எடுக்கலாம் என்கிற காலத்தில் சிலர் ஏன் இன்னும் ஃபிலிமை விடவில்லை என்பது பொருள். மூன்று பேரையாவது பார்த்து எழுத வேண்டும். ஏப்ரல் 15 கடைசி நாள்.

கடைக்காரர் முதலில் சொன்ன பெயர் சவரிமுத்து. வேறு பெயர்கள் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு கொடுத்தார்.

நானும் சவரிமுத்துவும் ஒரே பத்திரிகையில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தோம். நான் நிருபர், அவர் புகைப்படக்காரர். 1997இல் அவர் வேலையை விட்டார். அதன் பிறகு பார்க்கவில்லை.

குழாயில் தண்ணீர் வந்து ஆறு நாளாகிறது.

மார்ச் 5, புதன்

ஈரோட்டுப் பல் மருத்துவர், தொலைபேசியில் இருபது நிமிடம். நல்ல பேச்சு. அப்படியே எழுதிக்கொண்டேன்: "டிஜிட்டல்ல எடுத்தா, எடுத்த உடனே குனிஞ்சு திரையைப் பாக்கறேங்க. எதிர்ல ஒரு ஆள் நிக்கறாருங்கறதே மறந்துபோவுது. ஃபிலிம்ல குனிஞ்சு பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. அவரைத்தான் பாத்தாகணும்."

நாமக்கல் கல்லூரி ஆசிரியர், பத்து நிமிடம். படத்தில் தெரியும் மணல் போன்ற பொடி அவருக்குப் பிடிக்கும் என்றார். எல்லாரும் சொல்வது.

இரண்டு ஆயிற்று.

மார்ச் 8, சனி

மனைவி பூங்கோதைக்கு இரண்டு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. பேரனுக்குப் பரீட்சை நேரம். அவன் பிறந்தபோது மகளுக்கு உதவியாக இருக்கப் பெங்களூர் போனாள். அவன் இப்போது இரண்டாம் வகுப்பு.

மார்ச் 11, செவ்வாய்

பென்னாகரம் போய் வந்தேன். தர்மபுரியில் பஸ் மாற வேண்டும். இன்று பென்னாகரத்தில் சந்தை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

உரக்கடைக்கு மேலே மாடியில் ஸ்டுடியோ. முன்னறையில் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு டிஜிட்டல் கேமரா, பிரிண்டர், நீலத்திரை. பின்னறை சவரிமுத்துவுடையது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஒரு பழைய பிரிட்ஜ், உள்ளே பாதி ஃபிலிம், பாதி கொத்தமல்லி.

அவருக்கு அறுபத்தேழு வயது. தாடி முழுக்க வெளுத்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"வாய்யா தெய்வம்" என்றார். என் பெயர் தெய்வசிகாமணி. பத்திரிகையில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடைசியாக யார் கூப்பிட்டது என்று நினைவில்லை.

"நல்லா இருக்கீங்களா அண்ணே?"

"கடைக்காரன் போன்ல சொன்னான், நீ ஆள் தேடுறேன்னு. மூணாவது ஆள் கெடைக்கலைன்னாதான் இங்க வருவேன்னு நெனச்சேன்."

நாற்காலியை இழுத்தேன். பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கையைக் காட்டினார்.

"இந்தப் பக்கமா குந்துங்க சார். அந்தக் காது வேலை செய்யறதில்லை."

அறுபத்தைந்து இருக்கும். உதவியாளர். முன்னறை வேலை முழுக்க அவர்தான் என்று புரிந்தது.

"எங்க போட்டோக்காரரு ஒரு நாளைக்கு ஒரே படம்தான் எடுப்பாருங்க" என்றார் அவர். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டா மாப்பிள்ளைய எடுத்துட்டு, பொண்ண நாளைக்கு வரச் சொல்லுவாரு."

"கல்யாணத்துக்கு டிஜிட்டல்லதானேய்யா எடுக்கறோம்" என்றார் சவரிமுத்து.

"அதை எடுக்கறது நானு."

இருவரும் சிரிக்கவில்லை. தினமும் சொல்லிக்கொள்வது போலிருந்தது.

சவரிமுத்து ஒரு ரோலைக் கழுவுவதைப் பார்க்க வைத்தார். கைகளை மட்டும் நுழைத்துக்கொள்ளும் கறுப்புப் பை ஒன்று. அதற்குள் ஃபிலிமையும் சுருளையும் போட்டு, வெளிச்சம் படாமல், விரல் தடவியே சுற்ற வேண்டும். கை உள்ளே வேலை செய்தது. கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும். மார்ச் வெயிலுக்கு அது இருபத்தொன்பதில் இருந்தது. உதவியாளர் கீழே ஜூஸ் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி வந்தார். கேட்காமலே வாங்கி வந்தார்.

நான் கேள்வியைக் கேட்டேன். ஏன் இன்னும் ஃபிலிம்?

"பழக்கம்னு எழுதிக்கோ."

"அது பத்தாதுண்ணே."

"ஒனக்குப் பத்தாதா?" என்றார். கொஞ்ச நேரம் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார். "இன்னொரு நாள் வா. சொல்றேன்."

டீ குடித்தேன். நல்ல டீ. இஞ்சி தட்டிப் போட்டது. உதவியாளரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். கட்டுரைக்குத் தேவைப்படாது.

மார்ச் 12, புதன்

தண்ணீர் வந்தது. இரண்டு டிரம் பிடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதுமிதா பேசினாள். மூன்றாவது ஆள் யார் என்று கேட்டாள். சொன்னேன்.

"பத்திரிகையில இருந்தவர்ங்கறீங்க. அவர் ஏன் சார் அங்கேருந்து வந்துட்டார்?"

"ஒரு அச்சுத் தவறு."

அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

1997 செப்டம்பர் 11. நீர்த்தேக்கத்தின் ஒரு துறையில் பரிசல் கவிழ்ந்தது. எட்டுப் பேர் ஏற வேண்டியதில் பதினான்கு பேர். ஒன்பது பேர் இறந்தார்கள். மீதி ஐந்து பேரையும் கரை சேர்த்தவர், அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த மாதப்பன். பரிசல்காரர் பொன்னுரங்கம் தானாக நீந்தி வந்துவிட்டார். நாங்கள் போனபோது இந்த இருவரும் கரையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சவரிமுத்து படம் எடுத்தார். இடமிருந்து வலமாகப் பெயர்களை நான் குறித்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் வந்தது.

வந்தபோது பெயர்கள் மாறியிருந்தன. காப்பாற்றியவரின் முகத்துக்குக் கீழே பரிசல்காரரின் பெயர். நான்காம் நாள் வெளியூர்ச் சந்தையில் மீன் விற்கப் போன மாதப்பனை, இறந்தவர்களில் ஒருவரின் உறவினர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர்களிடம் இருந்தது பத்திரிகைப் படம் ஒன்றுதான். தராசுத் தண்டால் அடித்தார்கள். அவர் பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார்.

காரணம் இவ்வாறு அறியப்பட்டது: நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகிவிடும். நிருபர் எழுதிய வரிசை சரி, படம் திரும்பிவிட்டது. அந்த நாளில் சவரிமுத்துவே இருட்டறையில் அச்சிடுவார். செப்டம்பர் 18, மூன்றாம் பக்கத்தில், இந்த விளக்கத்தோடு திருத்தம் வந்தது. அவர் மறுக்கவில்லை. 30ஆம் தேதி வேலையை விட்டார்.

பதிவில் இருப்பது இது. இந்த விளக்கத்தை முதலில் சொன்னது யார் என்று மதுமிதா கேட்கவில்லை.

மார்ச் 19, புதன்

பூங்கோதை கூப்பிட்டாள். பென்னாகரம் போய் வந்ததைச் சொன்னேன்.

"அவரு என்ன சொன்னாரு?"

"பழக்கம்னு சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் கேள்வி கேக்கப் போனவன்."

அவள் பக்கத்தில் குக்கர் சத்தம் கேட்டது. "வெக்கறேன்" என்றாள்.

மார்ச் 22, சனி

இட்லி மாவு புளித்துவிட்டது. ஒரு ஆளுக்கு அளவு இன்னும் பிடிபடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பென்னாகரம், இரண்டாம் முறை.

உதவியாளர் சந்தைக்குப் போயிருந்தார். நான் உட்கார்ந்ததும் சவரிமுத்து பின்னறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். கான்டாக்ட் ஷீட். ஒரு ரோலில் உள்ள எல்லாப் படங்களையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் அச்சிட்டிருப்பார்கள். எது தேறும் என்று பார்ப்பதற்காக. ஓரத்தில் நீல மையில் தேதி: 11.9.97.

ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்தார்.

"பதினேழைப் பாரு."

பதினேழு, பத்திரிகையில் வந்த படம். இடப்பக்கம் வெற்று உடம்பில் துண்டு போர்த்தியவர். வலப்பக்கம் ஈரச் சட்டை போட்டவர்.

"ஓரத்துல நம்பர் எப்படி இருக்குது?"

"நேரா இருக்குதுண்ணே."

"நெகடிவ் திரும்பியிருந்தா நம்பரும் திரும்பியில்ல இருக்கும்? பேப்பர்ல வந்ததும் இதே பக்கந்தான். துண்டு இந்தப் பக்கம், சட்டை அந்தப் பக்கம். இப்ப பதினெட்டைப் பாரு."

பதினெட்டில் அவர் கொஞ்சம் நகர்ந்து நின்று எடுத்திருக்கிறார். அந்த இருவரின் முதுகுக்குப் பின்னால் ஒருவன் குனிந்து நிற்கிறான். கையில் குறிப்பேடு. பேனா தாளில் இருக்கிறது. மீசை கறுப்பாக இருக்கிறது. நான்.

நான் கேமராவைப் பார்த்து நிற்கிறேன். எனக்கு இடது, கேமராவுக்கு வலது.

"உதவாத படம்" என்றார் சவரிமுத்து. "நடுவுல நீ வந்து நின்னுட்ட. டிஜிட்டலா இருந்திருந்தா பஸ்ல திரும்பும்போதே அழிச்சிருப்பேன். இடம் அடைக்குதேன்னு எல்லாரும் அப்படித்தான் பண்றோம். நல்லது நிக்கும், உதவாதது அன்னைக்கே போயிரும். ஃபிலிம்ல அந்த வேலை ஆவாது. ஆறு ஆறா வெட்டி வெக்கறோம். பதினேழு இருக்கற துண்டுலதான் பதினெட்டும் குந்தியிருக்குது. அது வேணும்னா இதையும் வெச்சிருந்துதான் ஆவணும்." கண்ணாடியை எடுத்து வேட்டியில் துடைத்தார். "ஏன் ஃபிலிம்னு கேட்டியே. எழுதிக்கோ."

நான் எழுதவில்லை.

"அன்னைக்கே ஏன்ணே இதைக் காட்டலை?"

"யாரு கேட்டாங்க? எடிட்டரு கேக்கலை. மேனேஜரு கேக்கலை. நெகடிவக் கொண்டாந்து காட்டுன்னு ஒரு ஆள் சொல்லலை. நீ கேப்பேன்னு நெனச்சு ரெண்டு நாள் பையிலயே வெச்சிருந்தேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சவரிமுத்து தாளைக் கவிழ்த்து வைத்தார். உதவியாளர் கத்தரிக்காய்ப் பையோடு உள்ளே வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"மாதப்பா, சாருக்கு ஒரு டீ போடு" என்றார் சவரிமுத்து.

இரண்டு வாரத்துக்கு முன் இந்த மனிதர் கொடுத்த டீயைக் குடித்தேன். பெயர் கேட்கவில்லை. 1997இல் பெயர் கேட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் ஏற்றிவிட சவரிமுத்து கீழே வந்தார். உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். மருத்துவமனைக்கு அவர் அக்டோபர் முதல் தேதி போயிருக்கிறார்.

"பாக்கப் போனேன். என்னன்னு சொல்றது? பேப்பர்ல போட்டதையே சொன்னேன். படம் திரும்பிருச்சு, என் கைதான்னு. தலை முழுக்கக் கட்டு. 'சரி வுடுங்க போட்டோக்காரரே, கை தவறுறதுதான்'னான். எனக்குச் சேலத்துல அப்பறம் என்ன இருந்தது? இங்கயே தங்கிட்டேன்."

"அவருக்கு இன்னும் தெரியாதா?"

"நான் திருப்பிப் போட்டதாத்தான் நம்பிட்டிருக்கான்."

"எழுதிடறேன்ணே. கட்டுரையிலேயே திருத்தமா போட்டுடறேன்."

"எழுது. ஆனா மொதல்ல அவன்கிட்ட நேர்ல சொல்லிட்டு எழுது. பேப்பரப் பாத்துத் தெரிஞ்சுகிட்டது அவனுக்கு ஒருதடவை போதும்." பஸ் வந்துவிட்டது. "சொன்னா என்ன ஆவும்னு எனக்குத் தெரியலை தெய்வம். எனக்கு இந்த ஊர்ல அவன்தான்."

மார்ச் 26, புதன்

திருத்தம்.

மார்ச் 16 குறிப்பில் 'இவ்வாறு அறியப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். அறியப்படவில்லை. நான் சொன்னேன். 1997 செப்டம்பர் 16, செவ்வாய், காலை பதினொரு மணி, ஆசிரியரின் அறை. "நெகடிவைத் திருப்பிப் போட்டிருப்பாங்க சார்" என்பவை என் வார்த்தைகள். சவரிமுத்து கதவுப் பக்கம் நின்றிருந்தார்.

சொன்னபோது அது ஊகம். எங்கே நின்று எழுதினேன் என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

திருத்தம் வந்த 18ஆம் தேதி பூங்கோதை தையல் மெஷினில் இருந்தாள். அப்போது வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுப்பாள். 12ஆம் தேதிப் பத்திரிகையை மெஷின் பலகையில் விரித்துப் பார்த்தாள். "சட்டை போட்டவருக்குப் பை இடது பக்கம்தானே இருக்குது. படம் திரும்பியிருந்தா வலது பக்கமில்ல வரணும்?" என்றாள். நானும் பார்த்தேன். பை இடது மார்பில் இருந்தது.

அதற்குப் பிறகு அது ஊகம் இல்லை. சவரிமுத்து வேலையை விட்டது அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து.

பூங்கோதை மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. நானும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

போகவில்லை. மின்சார அளவெடுக்க ஆள் வருவதாக இருந்தது. வரவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

லேசான காய்ச்சல். கஞ்சி. மதுமிதாவுக்குப் பதினைந்தாம் தேதிக்குள் வரும் என்று செய்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மூவரும் முன்னறையில் இருந்தோம். மாதப்பன் ஒரு பள்ளிக்கூடத்துக்கான படங்களை வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். எங்கே நின்றேன், என்ன எழுதினேன், ஆசிரியரிடம் என்ன சொன்னேன், சட்டைப் பையை எந்த நாளில் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அவர் ஒரு படத்தை வெட்டி முடித்து நிமிர்ந்தார். "அந்தப் பக்கம் கேக்காதுங்க சார். இப்படி வந்து சொல்லுங்க."

எழுந்து, நாற்காலியை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். இரண்டாம் முறை சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கத்தரிக்கோல் நின்றது.

"அப்ப படம் திரும்பலை."

"திரும்பலைங்க."

"நீங்க எங்க முதுகுக்குப் பின்னால நின்னுட்டு எழுதிட்டீங்க."

"ஆமாங்க."

"பொன்னுரங்கத்துக்கும் எனக்கும் ஒரு சாடையும் இல்லீங்களே. அவன் சட்டை போட்டிருந்தான். நான் வெறும் ஒடம்போட குந்தியிருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. நான் குழம்பியது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். பிறகு தலையைத் திருப்பினார். "போட்டோக்காரரே, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"பேப்பரு வந்த அன்னைலேருந்து."

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே, அப்பவும்?"

"ம்."

மாதப்பன் வெட்டிய படங்களை நான்கு நான்காக அடுக்கி உறையில் போட்டார். எல்லா உறையிலும் பெயர் எழுதி முடித்தார்.

"இருபத்தேழு வருசமா நான் உங்கள மன்னிச்சு வெச்சிருக்கறேன்" என்றார். "தெனமும் டீ போடறப்ப மனசுக்குள்ள ஒருதடவை சொல்லிக்குவேன். பாவம் மனுசன், கை தவறிப்போச்சு, அதுக்காவ இங்க வந்து கெடக்கறாருன்னு. சில நாளு கஷ்டமாத்தான் இருக்கும். தலை வலிக்கற நாள்ல எல்லாம் கஷ்டமாத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லிக்குவேன். ஒண்ணுமே பண்ணாத ஆளுகிட்ட எதுக்கு அத்தனை நாளும்?"

"மாதப்பா."

"நீங்க சொல்லியிருக்கலாம்."

பிரிண்டரைத் துணியால் மூடினார். சாவியை மேசையில் வைத்தார். என்னைக் கடந்து போகும்போது, "டீ போடலீங்க சார்" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

நான் எதற்கெல்லாமோ தயாராகப் போயிருந்தேன். என்னை ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.

சவரிமுத்துவின் கேமரா ஜன்னல் திட்டில் இருந்தது. இன்றைய படம் எடுத்தாயிற்றா என்று கேட்டேன். வெளிச்சம் போய்விட்டது என்றார். மணி இரண்டு.

ஏப்ரல் 10, வியாழன்

கட்டுரையை அனுப்பினேன். பதினேழும் பதினெட்டும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்று குறிப்பு. பழைய பத்திரிகைக்கும் தனியாக ஒரு கடிதம், பதிவுத் தபாலில்.

மதுமிதா மாலையில் கூப்பிட்டாள். "சார், ஃபிலிம் பத்திக் கேட்டேன். பாதிக்கு மேல உங்களப் பத்தி இருக்கு."

"ஃபிலிம் பத்திதான். ரெண்டாவது பக்கத்துல இருக்கறது அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்."

"ஆசிரியர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். கொஞ்சம் தயங்கி, "மாதப்பன் என்ன சார் சொன்னார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை."

ஏப்ரல் 13, ஞாயிறு

சவரிமுத்து போன் செய்தார். ஐந்து நாளாக மாதப்பன் வரவில்லை. மூன்று கிலோமீட்டரில் வீடு. இவர் போனபோது கதவு திறந்திருந்தது. அவர் பின்பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. கேட்காத காதுப் பக்கம் நின்று கூப்பிட்டோமோ என்று இவருக்குச் சந்தேகம். மறுபக்கம் போய்க் கூப்பிட தைரியம் வரவில்லை.

பிறகு பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"சொல்லிட்டு பஸ் ஏறி வந்துட்டீங்க."

"ஆமா."

"இப்ப அங்க அவருகூட யாரு இருக்கறாங்க?"

ஏப்ரல் 15, செவ்வாய்

பென்னாகரம். மாற்றுத் துணி எடுத்து வந்திருக்கிறேன்.

சந்தை நாளில் பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வரும். சவரிமுத்துவுக்கு டிஜிட்டல் கேமராவில் எந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியவில்லை. மாதப்பன் இருந்ததால் தெரிந்துகொள்ளவில்லை. நான் எடுத்தேன். ஒரு அம்மாள் பள்ளிச் சேர்க்கைக்காகப் பெண் குழந்தையைக் கூட்டி வந்தார். முதல் படத்தில் குழந்தைக்கு நெற்றி இல்லை.

"ஏங்க, அந்தக் காது கேக்காதவரு எங்க?" என்றார் அந்த அம்மாள். "அவரு எடுத்தா ஒரே தடவைல முடிச்சிருவாரே."

"ஊருக்குப் போயிருக்கறாரு" என்றார் சவரிமுத்து.

"எப்ப வருவாரு?"

நான் மறுபடி பொத்தானை அழுத்தினேன். ஆறாவது முறை சரியாக வந்தது. மற்ற ஐந்தையும் அழித்தேன். சவரிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கேமராவில் எண் இருபத்துமூன்றில் நிற்கிறது. மார்ச் 16இல் போட்ட ரோல், தினம் ஒன்று, ஏப்ரல் 7வரை இருபத்துமூன்று. எட்டு நாளாக எடுக்கவில்லை.

"தினம் ஒண்ணுன்னு வெச்சிருந்தீங்களேண்ணே, விட்டுப்போச்சே" என்றேன்.

"எட்டு நாளு விட்டுப்போச்சுன்னு ஃபிலிமுக்குத் தெரியாது. என்னைக்கு எடுத்தாலும் இருபத்துமூணு பக்கத்துலதான் இருபத்துநாலு வந்து ஒட்டும்." சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனார். "எடுத்தாத்தான்."

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. அவர் கோயிலுக்குப் போனார். நான் கடையைத் திறந்து வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. டீ போட்டுப் பார்த்தேன். இஞ்சி அதிகம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். வருடா வருடம் இன்று மாதப்பன் இங்கேதான் சாப்பிடுவாராம். சவரிமுத்து காலையில் ஆட்டுக்கறி எடுத்துவந்து சமைத்தார். மூன்று ஆளுக்கு வேண்டியதைவிட அதிகம். மாதப்பனின் மகள் சின்னப்பாப்பாவைக் கூப்பிட்டு, தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

நாங்கள் சாப்பிட்டோம். கடைசியில் கை கழுவும்போது, "நீ வந்து சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு அவன் இங்க சாப்பிட்டிருப்பான்" என்றார். கொஞ்சம் கழித்து, "என் பேரு கெட்டதாவே இருந்திருக்கும்" என்றார். இரண்டில் எது தேவலை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

எழுதும் இடம், பென்னாகரம். மாலை ஐந்து மணி.

மதுமிதா: கட்டுரை வெட்டு இல்லாமல் மே இதழில் வருகிறது. இரண்டு படங்களும் வருகின்றன. மே 2, வெள்ளிக்கிழமை கடைகளுக்கு வரும். பழைய பத்திரிகையிடமிருந்து பதில் இல்லை. கடிதம் சேர்ந்ததற்குக் கையெழுத்து மட்டும் வந்திருக்கிறது.

பூங்கோதை காலையில் தானாகக் கூப்பிட்டாள். எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். ஏழு நிமிடம்.

சின்னப்பாப்பா நான்கு மணிக்கு வந்து போனாள். அவள் சொன்னது: அப்பா கறியைச் சாப்பிட்டார். எதுவும் சொல்லவில்லை. நாளைச் சந்தைக்கு வலைநூல் வாங்க வருகிறார். தூக்கைத் தானே எடுத்து வருவதாகச் சொன்னார். இவள் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றிருக்கிறார். மாடி ஏறி வருவாரா, கீழே உரக்கடையில் கொடுத்துவிட்டுப் போவாரா என்பதை அவள் கேட்கவில்லை.

சவரிமுத்து முன்னறையைப் பெருக்கிவிட்டு, கேமராவை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறார். சந்தை நாளை காலை ஆறு மணிக்குக் கூடுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கலைந்துவிடும். அதற்குள் தெரியும்.